கோடு மறுபக்கம் போகிறதா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மணிலாவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் தெற்கே மிண்டனாவோ தீவில் தவாவோ போயிருந்தபோது ஒரு கடையில் நெளிநெளியான மோரோ கிரிஸ் வாள் வாங்கினேன். (மோரோக்கள் தெற்கு பிலிப்பைன்ஸின் முஸ்லிம் மக்கள்.) பிடியிலும் உறையிலும் முத்துச்சிப்பி பதித்திருக்கிறது. “புட் டாஜோ சண்டையில் இருந்த வாள், 200 வருசப் பழசு” என்றார் கடைக்காரர். வீட்டம்மா “நல்லா ஏமாந்துட்டீங்க” என்கிறாள். படங்கள் இணைத்திருக்கிறேன். அசலா, போலியா? எலுமிச்சைச் சாறு விட்டு உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுத்துவிடலாமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

முதல் வேலையாக உப்புத்தாளை எடுத்து உள்ளே வையுங்கள். எலுமிச்சையை ரசத்துக்குப் பிழியுங்கள். வாள் பழசென்றால் அதற்கான சாட்சியெல்லாம் அந்த மேல்பரப்பில்தான் இருக்கிறது. தேய்த்தால் போச்சு.

படங்களைப் பார்த்தவரை இது சந்தைக்காகச் செய்த வாள் என்றுதான் நினைக்கிறேன். சிப்பி வேலையை வைத்துச் சொல்லவில்லை. பழைய அலகுக்குப் பிற்காலத்தில் புதுப் பிடியும் உறையும் போடுவது உண்டு. நான் பார்ப்பது பிடிக்கு மேலே அலகு இரண்டு பக்கமும் விரிகிறதே, அந்த இடத்தை. கங்யா என்பார்கள். (மலாயில் கன்ஜா. சிரிக்காதீர்கள்.) பழைய கிரிஸில் அது தனி இரும்புத்துண்டு. அலகின் வால் அதற்குள் புகுந்து பிடிக்குள் இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் தலைமுடி அளவுக்கு ஓர் இடுக்கு தெரியும், எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கறுத்திருக்கும். வாளின் விளிம்பு உங்களைப் பார்க்கும்படி திருப்பி டார்ச் அடியுங்கள். கோடு விளிம்பைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனால் அது இணைப்பு. விளிம்புக்கு வருமுன்பே நின்றுவிட்டால் யாரோ உளியால் கீறியது.

உங்கள் மூன்றாவது படத்தில் நின்றுவிட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. 20ஆம் நூற்றாண்டில் செய்த அசல் வாள்கள் சிலவற்றிலும் ஒரே இரும்பில் கோடு மட்டும்தான் கீறியிருக்கிறார்கள்.

அதனால் அசாங்-அசாங்கையும் பாருங்கள். அலகின் அடியைக் கவ்விக்கொண்டு பிடிக்குள் போகும் வெள்ளி அல்லது செம்புப் பட்டை அது. வெட்டும்போது அலகு ஆடாமல் இருப்பதற்காகப் போட்டது. அதன் வால் பிடியில் சுற்றிய கயிற்றுக்கும் காப்புக்கும் அடியில் ஓடும். சந்தை வாளிலும் பட்டை இருக்கும், ஆனால் எதையும் பிடித்திருக்காது, சும்மா ஒட்டியிருக்கும். அப்புறம் அலகின் தடிமன். அடியில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலிய வேண்டும். தகட்டிலிருந்து வெட்டிய அலகு முழுக்க ஒரே தடிமனாக இருக்கும், கையில் எடுத்தால் நுனி கீழே இழுக்கும்.

நெளிவை நம்பாதீர்கள். ஜாவாவின் கிரிஸ் குத்துவதற்கு. மோரோ கிரிஸ் அதைவிடப் பெரியது, வெட்டுவதற்கும் ஆனது. அசலில் நேரான அலகுகளும், பாதி நெளிந்து பாதி நேராகப் போகும் அலகுகளும் நிறைய. வாங்குகிறவர்கள் பாம்பு மாதிரி நெளிவைத்தான் கேட்கிறார்கள், சந்தைக் கொல்லரும் அதையே அடித்துத் தருகிறார்.

நானும் ஏமாந்தவன்தான். பல வருடங்களுக்கு முன்னால் பரோங் என்ற இன்னொரு வகை மோரோ வாள் வாங்கினேன். இலை வடிவ அலகு, காக்கட்டுவா கிளியின் தலை போன்ற பிடி, எல்லாம் இருந்தது. ஒரு சித்திரை மதியம் பிடிக்குள் ஊற்றியிருந்த பிசின் இளகி அலகு கையோடு வந்துவிட்டது. நல்ல பரோங்கில் அலகின் வால் பிடிக்குள் ஆழமாகப் போகும். என்னுடையதில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மரைபோட்ட கம்பியைப் பற்றவைத்திருந்தார்கள். வெட்டியிருந்தால் அலகு எதிரே நின்றவர் மேல் பறந்திருக்கும்.

சரி, புட் டாஜோ. தெற்கு பிலிப்பைன்ஸின் ஹோலோ தீவில் இருக்கும் எரிமலை அது. 1906 மார்ச்சில் அதன் முகட்டில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான மோரோக்களை அமெரிக்கப் படை கொன்றது. 1913இல் அதே தீவின் புட் பக்சாக் மலையிலும் அப்படியே. சிப்பாய்கள் வாள்களை ஊருக்கு எடுத்துப் போனார்கள், அவை இன்றும் அமெரிக்காவில் ஏலத்துக்கு வருகின்றன. அதனால் நல்ல வாள்கள் பல மிண்டனாவோவில் இல்லை, அமெரிக்கப் பரண்களில் கிடக்கின்றன. ஆனால் கடைக்காரர்கள் சொல்லும் கதையை எல்லாம் கூட்டினால் அந்த மலையில் நின்றவர்களைவிட வாள்கள் அதிகமாகிவிடும். பழைய ரசீது, சிப்பாயின் கடிதம், தேதியிட்ட புகைப்படம் என்று ஏதாவது கூட வந்தால் காது கொடுங்கள். வாய்க்கதைக்குக் காசு தராதீர்கள்.

இன்னொன்று. மிண்டனாவோவின் லானாவ் ஏரிக்கரையில் துகாயா போன்ற ஊர்களில் மரனாவ் என்ற மோரோ இனத்துக் கைவினைஞர்கள் பித்தளையும் மரமும் சிப்பியும் வைத்துச் செய்யும் வேலையை நான் போலி என்று சொல்லமாட்டேன். அலங்காரத்துக்குச் செய்கிறார்கள், சுவரில் அழகாகவே இருக்கும். பொய், நடுவில் வந்த வியாபாரி ஒட்டிய 200 வருசம்.

வீட்டம்மாவிடம் இப்போதைக்கு எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். விளிம்புப் பக்கத்திலிருந்து கங்யாவை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள். ஃபிளாஷ் போடாமல், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து. அதுவரை மெல்லிய துணியில் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.