புத்தகப் பதிப்பில் செயற்கை நுண்ணறிவு: ஓர் எழுத்தாளராக உங்களுக்கு என்ன கவலை?

என்னைவிட நல்ல நாவலை இயந்திரம் எழுதிவிடுமோ என்ற பயம் எனக்கு இல்லை. எழுதினால் எழுதட்டும். என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் நாகர்கோவிலிலேயே வேண்டிய அளவு இருக்கிறார்கள். அவர்களோடு இருந்து பழகியாச்சு. பிரதி என் கையை விட்டுப் போன பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பதுதான் கவலை. அதிலும், தமிழில் நாம் ஒப்பந்தம் எதுவும் போடாமல் புத்தகத்தைத் தூக்கிக் கொடுக்கிறோமே, அது.

முதலில் கண்ணுக்குத் தெரியும் விஷயம். நான் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களை வைத்துக் கதை எழுதுகிறவன். கடைசித் தொகுப்புக்குப் பதிப்பகத்தார் ஏஐ வைத்து அட்டை செய்து அனுப்பினார்கள். மரம் அழகு, வெளிச்சமும் அழகு. ஆனால் பட்டையில் வெட்டே இல்லை; பால் மட்டும் எங்கிருந்தோ வழிகிறது. பனையில் கலயம் கட்டியதுபோல ஒரே மரத்தில் நாலைந்து பானைகள் தொங்குகின்றன. (எங்கள் பக்கம் சிரட்டையில் பிடிப்பார்கள், பிளாஸ்டிக் கப்பும் உண்டு.) பால்வெட்டுகிறவர் யாரையோ குத்தப்போகிற தோரணையில் கத்தியோடு நிற்கிறார். "நல்லாத்தானே இருக்கு சார், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் பதிப்பாளர். தெரிந்தவர்கள்தானே எனக்கு முதல் வாசகர்கள்! அருமனையிலும் திருவட்டாறிலும் அட்டையைப் பார்த்த உடனேயே, இவனுக்குத் தோட்டம் தெரியாது என்று முடிவுகட்டிவிடுவார்கள். சண்டை போட்டு ஒரு புகைப்படத்தைப் போட வைத்தேன்.

மெய்ப்பும் இயந்திரத்திடம்தான் போயிருந்தது. தோட்டத் தொழிலாளிகள் பேசும் இடமெல்லாம் சுத்தமான எழுத்துத் தமிழாக மாறித் திரும்பி வந்தது. முன்பு மெய்ப்புப் பார்த்த பெரியவர் ஒரு சொல் புரியாவிட்டால் போன் போட்டுக் கேட்பார். இயந்திரத்துக்குச் சந்தேகமே வருவதில்லை. அந்த மனிதருக்குக் கொடுத்துவந்த சொற்பப் பணத்தை மிச்சம் பிடித்து என்ன கோட்டை கட்டப்போகிறார்களோ.

ஏஐ எழுதித் தள்ளும் புத்தகங்களின் வெள்ளம் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். எழுதியவரே புத்தகம் போட்டுக்கொள்ளும் அமேசானின் கேடிபி தளம் 2023 செப்டம்பரில் ஒரு கணக்கிலிருந்து நாளைக்கு மூன்று புதிய புத்தகம்தான் போடலாம் என்று வரம்பு வைத்தது. கட்டுப்பாடு என்ற பெயரில் வந்ததே மூன்று! வருஷத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும். புத்தகம் ஏஐ எழுதியதா என்று அமேசானிடம் சொல்ல வேண்டும் என்பதும் அப்போது வந்த விதிதான். ஆனால் காசு கொடுத்து வாங்குகிற வாசகருக்கு அந்தத் தகவல் போகாது.

சரி, ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 2025இல் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் எழுத்தாளர்களுக்கு 150 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்ட செய்தி வந்ததும் குளச்சலில் இருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நமக்கும் வருமா?" ஒரு புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. திருட்டுத் தளங்களிலிருந்து புத்தகங்களை இறக்கி வைத்திருந்தார்கள் என்பதற்காக வந்த பணம் அது. முறையாக வாங்கிய புத்தகத்தை வைத்து ஏஐக்குப் பயிற்சி கொடுப்பது நியாயமான பயன்பாடுதான், உரிமை மீறல் இல்லை என்று அதே வழக்கில் நீதிபதி சொல்லிவிட்டார். பணம் கிடைக்க, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் புத்தகம் பதிவாகியிருக்க வேண்டும். எங்கள் இருவர் புத்தகமும் நம்மூர் அலுவலகத்தில்கூடப் பதிவானதில்லை. (இந்தியாவில் உரிமை கிடைக்கப் பதிவு கட்டாயமில்லை, அது வேறு.)

2024இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் தன் பழைய அபுனைவு நூல்கள் சிலவற்றை ஏஐ பயிற்சிக்குக் கொடுக்க ஒரு நிறுவனத்தோடு பேசி முடித்தபோது, எழுத்தாளர்களிடம் சம்மதம் கேட்டது. 2,500 டாலர் தருவதாகவும் சொன்னது. சிலர் கோபப்பட்டு மறுத்தார்கள். மறுக்கிறதற்காவது யாரோ வந்து கேட்டார்களே. நாளைக்கு எவராவது ஒரு தமிழ்ப் பதிப்பகத்தின் கணினியில் கிடக்கும் கோப்புகளை மொத்தமாக விலைபேசினால் என் கதைக்கு யார் என்னிடம் வந்து கேட்பார்கள்? பதிப்பாளர் தனக்குத்தான் எல்லா உரிமையும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

உண்மையில் சட்டம் அப்படி இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நாம் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் இல்லாமல் உரிமை கைமாறாது. ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இன்னொன்று: ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத பயன்பாட்டு முறைக்கு, அதைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அந்த ஒப்பந்தம் செல்லாது. பழைய ஒப்பந்தம் வைத்திருக்கும் மூத்தவர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

2025 டிசம்பரில் மத்திய அரசின் குழு ஒன்று வேறு யோசனையை முன்வைத்தது. முறையாகக் கிடைக்கும் எல்லாப் படைப்புகளையும் ஏஐ நிறுவனங்கள் கேட்காமலே பயிற்சிக்கு எடுக்கலாம், பதிலுக்கு ஒரு மைய அமைப்பு வழியாக உரிமைத்தொகை தர வேண்டும், படைப்பாளி மறுக்க முடியாது. மறுக்க முடியாது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியே அது சட்டமானாலும், பணம் யாருக்கு என்ற கேள்வி வரும்போது காகிதம் வைத்திருப்பவர் பக்கம்தான் அது போகும்.

அதனால் அடுத்த நாவலுக்கு ஒரு பக்க ஒப்பந்தம் கேட்டிருக்கிறேன். ஏஐ பயிற்சிக்கும், இயந்திர மொழிபெயர்ப்புக்கும், இயந்திரக் குரலில் ஒலிப்புத்தகம் போடவும் என்னிடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்க வேண்டும். அட்டையையும் மெய்ப்பையும் ஒரு மனிதர் பார்க்க வேண்டும். பதிப்பாளர், "நமக்குள்ள எதுக்கு சார் இதெல்லாம்?" என்கிறார். 300 பிரதி போடுகிற புத்தகத்துக்கு வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறதாம். பேச்சு இன்னும் முடியவில்லை. பிரதியை நானும் இன்னும் அனுப்பவில்லை.