அடைப்புக்குறிக்குள் ஒரு தம்பி

கேள்வி: எனக்கு 21 வயது. பி.காம். முடித்திருக்கிறேன். அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். அப்பா விசைத்தறிக்குப் போகிறார், அம்மா வீட்டில் இருக்கிறார். குழந்தைகளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே என் கனவு. சமூகப்பணியில் முதுகலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ. படித்து, குழந்தைகள், இளைஞர்கள், குடும்பங்களுக்கு உதவும் வேலைக்குப் போக விரும்புகிறேன். அப்பாவோ, "அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிட ஒரு படிப்பா? குரூப் 4 எழுது" என்கிறார். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. (கட்டணம் பிரச்சினை இல்லை. தம்பி பத்தாவது பாதியில் நின்றுவிட்டான். படிப்பு ஏறவில்லை. டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வாரம் 1,500 ரூபாய் வாங்குகிறான்.) இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா? அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: நீ எழுதிய நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். மேலே இருப்பது அதன் சுருக்கம். அந்த அடைப்புக்குறியை மட்டும் நான் போடவில்லை. அது நீயே போட்டது.

அப்பாவைச் சம்மதிக்க வைக்கும் வழி கேட்டு மாதம் இரண்டு கடிதமாவது எனக்கு வருகிறது. அதற்குப் பதில் சொல்வது சுலபம். எனக்குத் தூக்கம் வராமல் செய்தது அந்த அடைப்புக்குறிதான். குழந்தைகளுக்கு உதவும் படிப்பு படிக்கப் போகிறாய். அதற்கு ஒரு பதினைந்து வயதுப் பையன் பள்ளியை விட்டு, ஸ்பேனர் பிடித்துச் சம்பாதித்த காசில் கட்டணம் கட்டப் போகிறாய். அதையும் "பிரச்சினை இல்லை" என்று எழுதுகிறாய். எழுதும்போது கை நிற்கவே இல்லையா அம்மா?

சேர்ந்ததும் உனக்கு முதலில் சொல்லித்தரப்போவது சட்டம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி 18 வயது முடியாத யாரும் குழந்தைதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வரைதான் பார்க்கும். குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 2016 திருத்தத்துக்குப் பிறகு, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்கைத் தவிர, 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்கிறது. 14 முதல் 18 வரை, ஆபத்தான வேலை மட்டும் கூடாது என்கிறது. ஒரு சட்டம் 14-இல் கையை விடுகிறது, இன்னொன்று 14-இல் கதவைத் திறந்துவிடுகிறது. அந்த இடுக்கில் விழும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, பெயர் எழுதி, வீடு வரைக்கும் போவதுதான் நீ ஆசைப்படும் வேலை. உன் தம்பி அந்த இடுக்கில்தான் நிற்கிறான். அவனைத் தேட நீ பஸ் ஏற வேண்டியதில்லை.

"படிப்பு ஏறவில்லை" என்று யார் சொன்னது? அவனா, அப்பாவா, வாத்தியாரா?

ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள் நான். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளை விசாரித்து முடிவு சொல்லும் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தால், அவன் வீட்டுக்கே போய் விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை எழுத வேண்டும். அந்தப் படிவத்தில் "பள்ளியை விட்ட காரணம்" என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே நீளமான பட்டியல் இருக்கும். பரீட்சையில் தோற்றது, பள்ளியில் ஆர்வமில்லாதது, ஆசிரியர்கள் கண்டுகொள்ளாதது, வாத்தியார் அடித்தது, அவமானப்பட்டது, கூடப் படிப்பவர்கள் சீண்டியது, குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டி வந்தது, இன்னும் பல. "படிப்பு ஏறவில்லை" என்று ஒரே சொல்லில் மூடிவிடாதே என்பதற்காகத்தான் அத்தனை வரி.

எங்களிடம் இருந்த ஒரு பையன் மூன்று வாரம் அதே பதிலைத்தான் சொன்னான், "ஏறல மிஸ்." ஒருநாள் சாயங்காலம் சமையல்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். என் முகத்தைப் பார்க்காமல், உரித்த தொலியைக் காலால் ஒதுக்கிக்கொண்டே சொன்னான்: "பெரியக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள் போகல. அதுக்கப்புறம் போனா பிரேயர்ல தனியா நிப்பாட்டுவாங்க மிஸ். நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு இருந்துட்டேன்." அவ்வளவுதான் விஷயம். அந்த வீட்டில் ஒரு ஆள் அவனைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய்த் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றிருந்தால், அவன் எங்களிடம் வந்திருக்கவே மாட்டான்.

உன் தம்பிக்கு நடந்தது இதுவாக இருக்காது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதது நியாயம். உனக்குத் தெரியாமல் இருப்பதுதான் நியாயமில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறாய்.

அந்தப் பழமொழியையும் இழுத்திருக்கிறாய். தன் பிள்ளை தானாக வளரவில்லையே, பத்தாவதோடு நின்றுவிட்டானே. எனக்கு இதில் மறைக்க ஒன்றுமில்லை: கூடப்பிறந்தவனுக்கு ஆகாத படிப்பை ஊருக்கு எடுத்துப்போகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. களத்தில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அறிக்கை அழகாக எழுதுவார்கள், பிள்ளையின் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

உடனே, "நீங்களும் தம்பிக்காக அக்காவைத் தியாகம் செய்யச் சொல்கிறீர்களா" என்று கேட்பாய். இல்லை. தம்பியைப் படிக்கவைக்க அக்காவை மில்லுக்கு அனுப்பிய வீடுகளை இதே பக்கத்தில் எவ்வளவு திட்டியிருக்கிறேன். ஆளை மாற்றினால் அது நியாயமாகிவிடாது. நீ படி, இந்த வருடமே சேர். அவன் காசில் மட்டும் வேண்டாம்.

கல்விக்கடனுக்கு விண்ணப்பம் போடு. 4 லட்சம் ரூபாய் வரை வங்கி பிணை கேட்கக் கூடாது. ஆனால் பெற்றவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துதான் எனக்கு முக்கியம். பிள்ளைகளின் படிப்புச் செலவு பெற்றவர் தலையில் இருக்க வேண்டிய சுமை. சம்பாதிக்கும் அப்பா இருக்கும்போது, மீசை முளைக்காதவன் தோளில் அதை ஏற்றுவதை நான் ஒப்பவே மாட்டேன். பி.காம். படித்தவள் நீ. விடுமுறை நாளில் ஏதாவது கடையில் கணக்கு எழுதிக் கைச்செலவைப் பார்த்துக்கொள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். "இதெல்லாம் ஒரு படிப்பா" என்று கேட்கும் அப்பாவிடம், மும்பையில் 1936 முதல் இது சொல்லித்தரப்படுகிறது என்று சொல். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் இதற்கென்றே ஒரு கல்லூரி தொடங்கினார் என்றும் சொல். எந்தப் பட்டம் முடித்தவரும் சேரலாம், இரண்டு வருடம். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்பதுதான் வழக்கம். சேருவதற்கு முன் கல்லூரியில் இரண்டு கேள்வி கேள்: களப்பணிக்கு எங்கே அனுப்புவீர்கள், என் அறிக்கையை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? இரண்டாவதற்கு மழுப்பினால் அங்கே சேராதே. சேர்ந்த பிறகு, வேலை கிடைக்கும் என்று பாதி வகுப்பு, கம்பெனிகளில் ஆள் நிர்வாகம் பார்க்கும் மனிதவளப் பிரிவுக்குப் போகும். நீயும் பின்னால் போய்விடாதே. குழந்தை, குடும்பம் என்று வந்தவள் நீ.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளருக்கு மாதத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய். புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய். ஒப்பந்த வேலைதான், நிரந்தரம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு வா. அப்பாவின் குரூப் 4 பேச்சையும் வெட்டிப் பேச்சென்று தள்ளாதே, பெண்ணின் கையில் நிலையான சம்பளம் இருக்க வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. அந்தத் தேர்வையும் எழுதிவை.

ஆனால் அப்பாவிடம் பேசுவதற்கு முன் தம்பியிடம் பேசு. சாப்பாட்டு வேளையில் வேண்டாம், அப்பா அம்மா எதிரில் வேண்டவே வேண்டாம். ஒரு மத்தியானம் தூக்குவாளியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போ. நகக்கண்ணில் கிரீஸ் ஏறியிருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. "இப்படி இருக்கிறாயே" என்று ஆரம்பித்துவிடாதே. எந்த வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறான் என்று கேள். அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வா. மறுவாரமும் போ. பள்ளிக்கூடத்துப் பேச்சு அவன் வாயிலிருந்து வரட்டும்.

வந்த பிறகு வழி இருக்கிறது. பழைய பள்ளிக்கே திரும்பலாமா என்று தலைமையாசிரியரை நீயே நேரில் போய்க் கேள். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, அதிலும் கேட்கலாம். பள்ளியே வேண்டாம் என்றால் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம். அதற்கு அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். தேதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும், அதனால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இப்போதே விசாரித்து வை. வண்டி வேலையே பிடித்திருக்கிறது என்றால் அதுவும் நல்லதுதான். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கும் பத்தாவது தேர்ச்சி கேட்பார்கள் என்று அவனுக்குச் சொல்.

அவன் என்ன சொன்னான் என்று எனக்கு மறுபடி எழுது. அதில் அவன் பெயரையும் எழுது. விண்ணப்பிக்கப் போகும் கல்லூரிகளின் பெயர், உன் பேராசிரியை பெயர், பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயர் எல்லாம் அந்த நான்கு பக்கத்தில் இருக்கின்றன. தம்பியின் பெயரைத் தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை.