ஆய்வேட்டுக்கான விளக்கப்படங்களை வரைய, இலகுவில் கற்கக்கூடிய மென்பொருள் எது?

பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில் நிகழும் மண்ணரிப்பைப் பற்றி ஆய்வேடு எழுதுவதாகவும், சரிவின் குறுக்குவெட்டு, தேயிலைச் செடியின் வேர்த்தொகுதி, ஆய்வு நடந்த முறையைக் காட்டும் பாய்ச்சற் கோட்டுப்படம் ஆகிய மூன்றையும் வரைய வேண்டியிருப்பதாகவும், வேர்டைத் தவிர வேறெதுவும் பழக்கமில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஹட்டனில் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு வினாத்தாள்களுக்குப் படம் வரைவது வாராந்த வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்வதானால், பாய்ச்சற் படத்தை டிரோ ஐஓவிலும் மற்ற இரண்டையும் இங்க்ஸ்கேப்பிலும் வரையுங்கள். இரண்டும் இலவசம். இரண்டையும் ஒருமுறை பதிவிறக்கி நிறுவிவிட்டால், சிக்னல் கிடைக்காத தோட்டத்திலும் வேலை தடைப்படாது.

டிரோ ஐஓவைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். பெட்டியை இழுத்து வைத்து, அம்புக்குறியால் இணைத்தால், பெட்டியை எங்கே நகர்த்தினாலும் அம்பு கூடவே வரும். ஆனால் அதிலிருந்து எஸ்விஜி கோப்பாக (படத்தைக் கோடுகளாகச் சேமிக்கும் வகை) ஏற்றுமதி செய்தால், வேறு மென்பொருளில் திறக்கும்போது சில வேளைகளில் எழுத்துகள் தோன்றுவதில்லை. பிடிஎஃப் ஆக எடுப்பது பாதுகாப்பானது.

குறுக்குவெட்டையும் வேரையும் பவர்பொயின்டிலேயே வரைந்துவிடலாமே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். எளிய படங்களுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் வளைந்து கிளைவிடும் வேரை அதில் வரைவது பொறுமையைச் சோதிக்கும். மேலும் ஸ்லைடைப் படமாகச் சேமித்தால் இயல்பு அமைப்பில் 1280 × 720 படப்புள்ளிகளே கிடைக்கும். 17 சென்ரிமீற்றர் அகலத்தில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவுடன் அச்சிட ஏறத்தாழ 2,000 படப்புள்ளிகள் வேண்டும். இங்க்ஸ்கேப்போ படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளின் கணித விவரமாகச் சேமிப்பதால், எவ்வளவு பெருப்பித்தாலும் ஓரம் சிதையாது.

இங்க்ஸ்கேப்பைத் திறந்ததும் தெரியும் கருவிகளின் கூட்டத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். தெரிவுக் கருவி, பேனா, கோட்டை வளைக்கும் புள்ளிகளான கணுக்களைத் திருத்தும் கருவி, எழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள்கள் போன்ற அடுக்குகள், ஒழுங்குபடுத்தும் பலகம் ஆகியவற்றுக்கு வெளியே நான் போவதே அரிது. வேரைப் படம்பிடித்து அல்லது தாளில் வரைந்து, அதனை ஓர் அடுக்கில் இட்டுப் பூட்டி, மங்கலாக்கி, அதன்மேல் வேறோர் அடுக்கில் பேனாக் கருவியால் தடம்பிடித்து வரையுங்கள். சித்திரக் கை இல்லாதவருக்கும் இம்முறை கைகொடுக்கும். புகைப்படத்தைத் தானாகவே கோடாக மாற்றும் வசதியும் உண்டு, ஆயினும் அது ஆயிரக்கணக்கான கணுக்களைக் கொட்டிவிடும், பிறகு ஒரு கிளையைத் திருத்துவதற்குள் புதிதாகவே வரைந்திருக்கலாம். குறுக்குவெட்டில் மண் படைகளையும் கான்களையும் தனித்தனி அடுக்குகளில் வைத்தால், கானின் ஆழத்தை மாற்றும்போது மற்றவை குழம்பாது. படைகளைச் சிவப்பும் பச்சையுமாகப் பிரிப்பதைவிடக் கோட்டு நிரப்பல்களால் பிரிப்பது நல்லது. நிழற்பிரதியில் அவ்விரு நிறங்களும் ஒரே சாம்பலாகிவிடலாம்.

தொடங்கும்போதே பக்கத்தின் அகலத்தை ஆய்வேட்டில் படம் பிடிக்கப்போகும் அளவுக்கு, உதாரணமாக 15 சென்ரிமீற்றருக்கு, அமைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக வரைந்து வேர்டில் சுருக்கினால் எழுத்தும் சேர்ந்து சுருங்கி, வாசிக்க முடியாத அளவுக்குப் போய்விடும்.

தமிழில் பெயர் குறிப்பதாயின் பாமினி எழுத்துருவைத் தவிர்த்துவிடுங்கள். நம் பகுதிக் கணினிக் கடைகளில் இன்றும் அதுவே வழக்கம் என்றாலும், அது ஒருங்குறி (யுனிகோட் எனும் பொது எழுத்துக் குறியீடு) அல்லாததால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘மண்படை’ என்ற இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவில் தட்டச்சு செய்தால் இங்க்ஸ்கேப் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் காட்டும்.

மழைவீழ்ச்சி வரைபை மட்டும் இவற்றில் கையால் வரையாதீர்கள். வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களின் தரவு ஒன்றைத் திருத்தினாலும் நிரல்கள் தாமாக மாற வேண்டும் என்பதால் அது எக்செல்லுக்கோ, புள்ளிவிவரக் கணிப்புக்கான ஆர் நிரல்மொழிக்கோ உரியது. இடவிளக்கப் படத்திற்கு கியூஜிஐஎஸ் என்னும் நிலப்பட மென்பொருள் உள்ளது. அடோப் இலஸ்ட்ரேட்டர் சிறந்ததுதான், ஆனால் மூன்று படங்களுக்காக மாதச் சந்தா கட்டுவதில் நியாயமில்லை. இங்க்ஸ்கேப்பின் குறை என்னவென்றால், பழைய மடிக்கணினியில் திறக்கவே நேரமெடுக்கும்.

அச்சுக்கு அனுப்பும் பிரதியில் எழுத்துகளைப் பாதைகளாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றிப் பிடிஎஃப் ஆக்கினால் எந்தக் கணினியிலும் தமிழ் சிதையாது. ஆனால் அப்படி மாற்றிய எழுத்தை மீண்டும் தட்டச்சால் திருத்த முடியாது. ஆகவே மாற்றுவதற்கு முந்தைய எஸ்விஜி கோப்பை வேறு பெயரில் வைத்திருங்கள். மேற்பார்வையாளர் கடைசி வாரத்தில்தான் பெயர்க்குறிப்புகளை மாற்றச் சொல்வார்.