‘மாமா – 9,000’

கேள்வி: எனக்கு வயது 64. கோவையில் ஒரு நூற்பாலையில் நிதி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றேன். இரண்டு ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மகள் வீட்டுக்கு அருகில், ஓய்வு பெற்றோர் விசாவில் வசிக்கிறேன். ஓய்வூதியமும் கடை வாடகையுமாக ஊரிலிருந்து மாதம் 2,10,000 ரூபாய் வருகிறது. இங்குள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில் அக்காள் மகனின் மசாலாக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கைச்செலவுக்கென்று மாதம் 9,000 ரேண்ட் (இந்நாட்டு நாணயம்) கொடுக்கிறான். கடையை விரிவாக்க ஊர் வீட்டின் பேரில் 15 லட்சம் ரூபாய் கடன் வாங்கிக் கொடுத்தேன். இப்போது சென்னைத் தணிக்கை நிறுவனம் ஒன்று, இணையவழி வேலைக்கு மாதம் 40,000 ரூபாய் தர முன்வந்துள்ளது. சட்டப்படி செய்ய முடியுமா? தொலைதூரப் பணி விசாவுக்கு மாறிவிடுங்கள் என்கிறார் ஒரு முகவர்.

பதில்: சென்னை வேலையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது சாட்ஸ்வொர்த் கடை. கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய ரொக்கப் புத்தகப் பக்கத்தில், உளுந்து மூட்டைக்கும் வேன் டீசலுக்கும் நடுவில் ‘மாமா – 9,000’ என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு வேறு சாட்சி தேவைப்படாது.

2002ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கக் குடிவரவுச் சட்டம் ‘வேலை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும், ஒரு தொழிலை நடத்துவதற்குரிய செயல்கள் அடங்கிவிடுகின்றன. ஆகவே கைச்செலவு என்று பெயர் மாற்றுவதாலோ, இனி சும்மா செய்து கொடுக்கிறேன் என்பதாலோ நிலைமை மாறாது. அனுமதியற்றவரைத் தெரிந்தே வேலைக்கு வைத்தவருக்கு முதல் குற்றத்திற்கே அபராதமோ ஓராண்டு வரை சிறையோ உண்டு என்பதால், உங்கள் தயவு அக்காள் மகனையும் சேர்த்தே மாட்டிவைக்கிறது.

இந்த ஆபத்துக்கு ஈடாக உங்களுக்கு என்ன கிடைக்கிறது? ஒரு ரேண்டுக்கு ஐந்து ரூபாய் என்று தோராயமாகக் கொள்வோம். 15 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, ஐந்தாண்டு தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 32,000 ரூபாய், அதாவது 6,400 ரேண்ட். கடைக்குப் போய்வர 1,500 போகட்டும். 9,000இல் மிஞ்சுவது 1,100 ரேண்ட். நீங்கள் சம்பளம் என்று நினைப்பதில் பெரும்பகுதி உங்கள் கடன் பணமே திரும்பி வருவதுதான். அதை வாங்கிக்கொள்ள மாதம் முழுவதும் உழைத்தும் கொடுக்கிறீர்கள். முப்பது ஆண்டு ஆலைக் கணக்கு பார்த்தவர் இதைக் கவனிக்காமல் விட்டது எனக்கு வியப்பாக இருக்கிறது. அக்காள் மகன் என்றால் பேரேடும் கண்ணை மூடிக்கொள்ளும் போலும்.

எனவே கடைக்குப் போவதை இந்த வாரமே நிறுத்துங்கள். 15 லட்சத்துக்கு எழுத்தில் கடன் பத்திரம் வாங்கி, மாதம் 6,400 ரேண்டை அசலும் வட்டியுமாக வங்கி வழியே மட்டும் திருப்பித் தரச் சொல்லுங்கள். அந்தப் பணம் இந்தியாவிலிருந்து வந்ததற்கான வங்கிச் சான்றையும் சேர்த்து வையுங்கள். உங்களுக்குக் குறைவது 1,100 ரேண்ட். அவனுக்கு மிச்சமாவது 2,600. இதற்கு அவன் மறுத்தால், தவணை ஒழுங்காக வருமா என்ற கேள்விக்கும் விடை தெரிந்துவிடும்.

சென்னை வேலைக்கு வழி இருக்கிறது. ஓய்வு பெற்றோர் விசாவை வகுக்கும், அதே சட்டத்தின் 20ஆம் பிரிவே, உள்துறையின் தலைமை இயக்குநர் நிபந்தனைகளுடன் வேலை செய்ய அனுமதி தரலாம் என்கிறது. அனுமதி முதலில், வேலை பிறகு. பணம் கோவைக் கணக்கில் விழுந்தாலும் வேலை நடப்பது டர்பனில் உள்ள உங்கள் மேசையில் என்பதால், வருமானம் பிறக்கும் இடமும் அதுவே; தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையில் பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும்.

முகவர் சொல்லும் விசாவை மறந்துவிடுங்கள். 2024இல் வந்த அந்த விசா, வெளிநாட்டு முதலாளியிடமிருந்து ஆண்டுக்குச் சுமார் ஆறரை லட்சம் ரேண்ட் வருமானம் கேட்கிறது. உங்கள் சென்னை வேலை தருவது 96,000. பெருக்கிப் பார்க்கவே தெரியாதவருக்கு எதற்குக் கட்டணம் கொடுக்க வேண்டும்?

இப்போதைய விசாவுக்கு மாதம் 37,000 ரேண்ட் வருமானம் வேண்டும். உங்களுடையது 42,000. ரூபாய் சரிந்து ஒரு ரேண்ட் 5.70 ஆனால் அது 36,800 ஆகிவிடும். கடனை அடைப்பது இந்த வருமானக் கணக்கைக் கூட்டாது. ஆனாலும் சென்னை வேலைக்கு அனுமதி கிடைத்தால் அந்த 40,000 ரூபாயைச் செலவுக்கு எடுக்காமல், கோவைக் கடனை முன்கூட்டியே அடைக்கச் செலுத்துங்கள். ரூபாய் சரிந்தாலும் கையில் வருவதிலிருந்து தவணை பிடிக்கப்படாத நிலை அப்போது அமையும். நான்கு ஆண்டு வரை தரப்படும் விசாவைப் புதுப்பிக்கும்போதும், ஓய்வு பெற்றவர் என்ற முறையில் நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போதும் இந்த வருமானக் கணக்கைத்தான் பார்ப்பார்கள்.

விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். கடையில் வேலை செய்த மாதங்களை அவரிடம் மறைக்காதீர்கள். அந்த ரொக்கப் புத்தகப் பக்கத்தைக் கிழிக்கவோ திருத்தவோ வேண்டாம். அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.