வல்லூறுக் குஞ்சும் எலும்பில்லாத கறியும்

அன்புள்ள அண்ணாச்சி,

ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே அரபிகள் ராஜாளியைக் கையில் ஏந்திப் போவதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அந்த ஆசை. போன வாரம் தோட்டத்தில் வேப்பமரக் கொப்பு ஒடிந்து விழுந்ததில் ஒரு வல்லூறுக் குஞ்சு கிடைத்தது. எலும்பில்லாத கோழிக்கறியைப் பொடியாக நறுக்கிக் கொடுக்கிறேன், நன்றாகத் தின்கிறது. வேட்டைக்குப் பழக்க எப்படித் தொடங்குவது? கையுறை, கண்மூடியெல்லாம் எங்கே கிடைக்கும்? கூந்தன்குளத்தில் மரத்திலிருந்து விழும் குஞ்சுகளை ஊர்க்காரர்கள் எடுத்து வளர்ப்பதுபோல்தானே இதுவும்?

ஒரு வாசகன், களக்காடு

அன்புள்ள தம்பி,

கையுறை எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் இருக்கட்டும். அந்தக் குஞ்சுக்கு ஒரு வாரமாக எலும்பில்லாத கறி கொடுக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தவர் ஒரு பருந்துக் குஞ்சை வளர்த்தார். பாசத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஈரலும் கொத்துக்கறியும் அவர் கையாலேயே ஊட்டினார். குஞ்சு கொழுகொழுவென்று வளர்ந்தது. ஆனால் எழுந்து நிற்கவில்லை. இரண்டு காலும் வில்லாக வளைந்துவிட்டன. ஒருநாள் திண்ணையிலிருந்து கீழே குதித்ததில் றெக்கை எலும்பு முறிந்தது. ஒரு முழ உயரம்கூட இருக்காது. அந்தப் பெரிய மனிதர் கடையைச் சாத்திவிட்டு அழுதார்.

பின்னாளில்தான் காரணம் புரிந்தது. வெறும் கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. வளரும் குஞ்சின் உடம்பு, கிடைக்காத கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்கிறது. எலும்பு மெலிந்து வளைகிறது, லேசாக அடிபட்டாலும் முறிகிறது. தாய் வல்லூறு ஓணான், தவளை, குருவி என்று முழு இரையாகக் கொண்டுவந்து கிழித்து ஊட்டும். அதில் எலும்பும் உண்டு, ஈரலும் உண்டு, தோலும் உண்டு. செரிக்காத இறகும் ரோமமும் உருண்டையாகத் திரண்டு பிறகு வாய்வழியே வெளியே வந்துவிடும். நீங்கள் குஞ்சுக்குச் சிரமம் வேண்டாம் என்று எலும்பை நீக்குகிறீர்கள். அது நன்றாகத் தின்கிறது என்கிறீர்கள். தின்னும் தம்பி, அந்தப் பருந்தும் தின்றது. பசி தீருவதை வைத்து எலும்பு வளர்கிறதா என்று சொல்ல முடியாது.

கூந்தன்குளத்தைத் துணைக்கு இழுத்தீர்களே, அதுதான் எனக்குக் கோபம். அந்த ஊர்க்காரர்கள் கூழைக்கடாக் குஞ்சையும் நாரைக் குஞ்சையும் எடுத்து, முள்ளும் எலும்புமாக முழு மீனைப் போட்டார்கள். றெக்கை முளைத்ததும் பறக்க விட்டார்கள். காலில் வார் கட்டவில்லை, தன் கைக்குத் திரும்பி வா என்று கேட்கவுமில்லை. 1994இல் அது சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே பறவையைக் காத்த ஊர் அது. உங்கள் ஆசைக்கு அதைச் சாட்சி கூப்பிடாதீர்கள்.

பழக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழக்கிய பறவை கைக்குத் திரும்பி வருவது பாசத்தால் அல்ல, இரைக்காக. அதனால் வளர்ப்பவர் தினமும் அதைத் தராசில் நிறுத்துகிறார். எடை கொஞ்சம் கூடினால் பறவை திரும்பாது. கொஞ்சம் குறைந்தால், வல்லூறு போன்ற சின்னப் பறவை சீக்கிரமே துவண்டு செத்துவிடும். அமெரிக்காவில் இப்படி வேட்டைப் பறவையைப் பழக்க விரும்புகிறவர் தேர்வு எழுதி, தேர்ந்தவர் ஒருவரின் கீழ் குறைந்தது 2 வருடம் பயிற்சியாளராக இருக்க வேண்டும். அபுதாபியில் ராஜாளிகளுக்கென்றே 1999 முதல் ஆஸ்பத்திரி இருக்கிறது. நீங்கள் அங்கே பார்த்த ஒரு பறவைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் வல்லூறைப் பழக்கிக் காடை பிடித்தார்கள், உண்மைதான். இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. வேட்டைப் பறவையைப் பார்த்து நெஞ்சு துடிப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் காலையில் ஏதாவது ஒரு குளத்துக்கரையில் போய் உட்காருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வரும், வாத்துக்கூட்டம் மொத்தமாக எழும். ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போது போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.

அதற்கு முன் குஞ்சை என்ன செய்வது? விழுந்த அன்றே ஒரு கூடையை அதே மரத்தில் கட்டி வைத்திருந்தால் தாயே வந்து ஊட்டியிருக்கும். ஒரு வாரம் ஆகிவிட்டதால் இனி அதை நம்பி விட முடியாது. நாளைக் காலையிலேயே வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள், களக்காட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பழைய பருத்தித் துணி விரித்து, மூடி, இருட்டாகவும் சத்தமில்லாமலும் வையுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம், போட்டோவும் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பால், ரொட்டி கூடவே கூடாது. முழு இரை கொடுக்கிறேன் என்று வயலில் செத்துக் கிடக்கும் எலியை எடுத்துவந்துவிடாதீர்கள், விஷம் தின்ற எலியாக இருக்கும்.

அப்புறம், அங்கே போய் இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி, முதலில் கால் எலும்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.