கட்டிலருகே வயலின்

வணக்கம் ஐயா,

அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சுமாராக வயலின் வாசிப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கலாமா? போனில் பாட்டுப் போட்டால் போதாதா என்கிறார் அண்ணன். அம்மா பாதி நேரம் மயக்கத்தில் இருக்கிறார். காதில் விழுமா என்றும் தெரியவில்லை.

க.

அன்புள்ள க.,

வாசியுங்கள். சுமாராக வாசித்தாலும் போதும்.

போனில் ஓடும் பாட்டுக்கு அம்மாவின் முகம் தெரியாது. உங்களுக்குத் தெரியும். என் பெரியப்பாவின் கடைசி மாதத்தில் தெரிந்த பெண் ஒருவர் வந்து பாடினார். இரண்டாவது அடியிலேயே பெரியப்பா உள்ளங்கையை லேசாகத் தூக்கினார். பாடியவர் பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டார். எங்களுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஊசி, மாத்திரை, படுக்கையைத் திருப்புவது எதுவும் அவர் வேண்டாம் என்றதற்காக நின்றதில்லை. பாட்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அதே கையை அசைத்து, பாடு என்றார்.

அமெரிக்காவில் தெரீஸ் ஷ்ரோடர்-ஷேக்கர் என்ற இசைக் கலைஞர், இறக்கும் தறுவாயில் இருப்பவர் அருகே வாசிப்பதை ஒரு தனிப் பயிற்சியாகவே வளர்த்தார். அந்த முறையில் ஹார்ப் என்ற தந்தி வாத்தியத்தை வாசிப்பவர் நோயாளியின் மூச்சைக் கவனித்து, அதை ஒட்டியே வாசிப்பார். தெரிந்த பாட்டுகளைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள், அவை நினைவுகளைக் கிளறிவிடும் என்று. உங்கள் அம்மா விழித்திருக்கும்போது அப்படித் தவிர்க்க வேண்டாம் என்பேன். என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். மயக்கத்தில் இருந்தால் நீளமான, மெதுவான சுரங்கள் போதும்.

காதில் விழுமா என்றால், விழலாம். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மரணத்துக்குச் சில மணி நேரம் முன்பு நினைவு தப்பியிருந்தவர்கள் சிலரின் மூளை, ஒலி மாறியபோது ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே அதை உணர்ந்தது. புரிந்துகொண்டார்களா என்பது வேறு கேள்வி.

அப்புறம், வயலின் கிட்டத்தில் கூர்மையாகக் கேட்கும். தலைமாட்டில் உட்காராதீர்கள், கால்பக்கம் உட்காருங்கள். வயலினில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில், ஒலியைக் குறைக்கும் ம்யூட் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். வாசித்து முடித்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள்.

அண்ணனைக் கட்டிலுக்கு அருகில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் தந்தியைப் பார்க்கிற நேரத்தில் அம்மாவின் கையை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.