"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: படித்துக்கொண்டே பல்கலைக்கழக விடுதியில் மாணவர் உதவியாளராகவும் இருக்கிறேன். பயிற்சியில் விதிகளைச் சொன்னார்கள், சரி. ஆனால் ஒரு மாணவி ராத்திரி கதவைத் தட்டி, தனக்குப் பாலியல் வன்முறை நடந்ததாகச் சொல்ல ஆரம்பித்து, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா" என்றால் என்ன செய்வது?

பதில்: அந்த வாக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உங்களைப் போன்ற மாணவப் பணியாளர்கள் இப்படிக் கேள்விப்பட்டதை நிர்வாகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்களில் விதி இருக்கிறது. அவர் அழுது முடித்து எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இதைச் சொன்னால், நம்பி வந்தவரை நீங்களும் கைவிட்டதாகத்தான் அவருக்குத் தோன்றும். அதனால் முதலிலேயே, "நீ சொல்றதைக் கேட்கத்தான் இருக்கேன், ஆனா யாரு என்னன்னு சொன்னா நான் மேல சொல்ல வேண்டியிருக்கும், ரகசியமாப் பேசணும்னா ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிடுங்கள். மனநல ஆலோசகர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டாயம் கிடையாது (18 வயது நிரம்பாதவர் என்றால் சட்டம் வேறு மாதிரி இருக்கும், அதை முன்பே விசாரித்து வையுங்கள்).

அப்புறம், துப்பறியக் கிளம்பாதீர்கள். "ஏன் அங்க போனே, ஏன் கத்தல?" என்பதெல்லாம் கேள்வியே இல்லை, குற்றச்சாட்டு. பயத்தில் உடம்பு உறைந்துபோய்க் குரலே எழும்பாமல் போவது சகஜம், நடந்ததை முன்னும் பின்னுமாகச் சொல்வதும் அப்படித்தான், அதை வைத்துப் பொய் என்று நினைக்க வேண்டாம். "உன்னை நம்புறேன், உன் மேல தப்பில்லை" என்றால் போதும். ஆறுதலுக்குத் தோளைத் தொடுவதாக இருந்தாலும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். வந்து சொல்பவர் ஆணாக இருந்தாலும் இதேதான்.

அவசரமானது மருத்துவம்தான். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 5 நாள் வரை நேரம் இருந்தாலும் சீக்கிரம் போட்டால்தான் பலன் அதிகம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாவிட்டாலும், அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்து வைக்கச் சொல்லலாம். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டாரா? பரவாயில்லை, அப்போதும் மருத்துவமனைக்குப் போகலாம். ஆனால் போவதா என்பது அவர் முடிவு, இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நிர்வாகத்துக்கு எழுதும்போது அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், உங்கள் ஊகம் எதுவும் வேண்டாம். யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள். உங்கள் அறைத்தோழிக்கு இதில் ஒரு வரிகூடத் தெரிய வேண்டியதில்லை. கேட்டதெல்லாம் உங்களையே தூங்க விடவில்லை என்றால், அவர் பெயரைச் சொல்லாமல் நீங்களும் ஆலோசகரைப் பார்க்கலாம்.